இலி பள்ளத்தாக்கு 1944–49: எந்தக் காப்பகம், எந்த வரிசையில்?

#1 வடகரை

வணக்கம். 1944 நவம்பரில் சீனாவின் வடமேற்கு மாகாணமான சிஞ்சியாங்கில், இலிப் பள்ளத்தாக்கின் குல்ஜா நகரில் வெடித்த கிளர்ச்சி, அதையடுத்து உருவான கிழக்குத் துர்கிஸ்தான் குடியரசு, 1949இல் சீன விடுதலைப் படை வரும்வரை அந்தப் பகுதியின் நிலை. இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஆங்கிலம் தெரியும். ருஷ்யன் அகராதி வைத்துக்கொண்டு படிக்கலாம். சீனமும் உய்குரும் தெரியாது.

கேள்விகள் மூன்று. தில்லியில் உட்கார்ந்தபடி எவ்வளவு தூரம் போக முடியும்? மாஸ்கோ கோப்புகளைப் பார்க்காமல் எழுதினால் மதிப்பு இருக்குமா? "இது முழுக்க சோவியத் கைவேலை" என்று ஒரு சாராரும், "மக்கள் எழுச்சி" என்று இன்னொரு சாராரும் எழுதுகிறார்களே, இதை எந்த ஆவணத்தை வைத்துத் தீர்ப்பது?

#2 ஏட்டுச்சுவடி

மூன்றாவது கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் ஓர் அட்டவணை போட வேண்டும். அது இல்லாமல் எந்தக் காப்பகத்துக்குள் நுழைந்தாலும் தொலைந்து போவீர்கள்.

அட்டவணையில் ஐந்து பத்திகள் போதும்: நடந்த நாள், எழுதிய நாள், எழுதியவர் இருந்த ஊர், அவருக்குச் செய்தி வந்த வழி, செய்தி. இரண்டு நாள்களையும் தனித்தனியாக வைப்பதுதான் முக்கியம். தெற்கு சிஞ்சியாங்கில் காஷ்கரில் இருந்த பிரிட்டிஷ் தூதரகம் குல்ஜாவைப் பற்றி எழுதிய ஒரு வரி, பல வாரத்துக்கு முந்தைய சந்தைப் பேச்சாக இருக்கலாம். எழுதிய நாளை நடந்த நாளாக எடுத்துக்கொண்டு காரண காரியம் சொன்னவர்கள் அச்சிலேயே இருக்கிறார்கள்.

அடுத்தது பெயர்கள். தேடல் பெட்டியில் 'உய்குர்' என்று மட்டும் அடித்தால் பாதி ஆவணம் வராது. அந்தப் பெயரை நவீன இனப்பெயராக எடுத்துக்கொண்டது 1921 தாஷ்கண்ட் மாநாட்டுக்குப் பிறகு. சிஞ்சியாங்கில் அது அரசுப் பெயரானது 1930களின் நடுவில், மாகாணத்தை ஆண்ட படைத்தலைவர் ஷெங் ஷிட்சாய் ஆட்சியில். பிரிட்டிஷ் கோப்புகளில் 'துர்க்கி' என்றும் 'சாந்து' என்றும் இருக்கும். சார் கால ருஷ்யக் கோப்புகளில் இலிப் பகுதி விவசாயிகள் 'தரஞ்சி', தெற்கிலிருந்து வந்தவர்கள் 'காஷ்கர்லிக்'. சீன மொழி பேசும் ஹூய் முஸ்லிம்கள் எங்கும் 'துங்கான்'. இதில் பெரிய கண்ணி ஒன்று உண்டு: 1925க்கு முன் ருஷ்ய ஆவணத்தில் 'கிர்கிஸ்' என்றால் பெரும்பாலும் இன்றைய கசக்குகள். இன்றைய கிர்கிஸ்களை 'காரா கிர்கிஸ்' என்பார்கள். 1916இல் சார் அரசுக்கு எதிராக மத்திய ஆசியாவில் எழுந்த கலவரத்தின் கோப்புகளை எடுத்தால் இது தெரியாமல் ஒரு பக்கமும் நகர முடியாது.

ஊர்ப் பெயர்களும் அப்படியே. குல்ஜாதான் யீனிங், அமெரிக்கக் கோப்பில் 'இனிங்'. உரும்சி 1954 வரை சீன அரசுக்கு 'தீஹுவா', ஆங்கிலக் கோப்பில் 'திஹ்வா'. சுகுச்சாக் என்பதும் தர்பகதாய் என்பதும் தாசெங் என்பதும் ஒரே ஊரைச் சுற்றித்தான் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாத்தி 1921 வரை வேர்னி. ஜார்கெண்ட் 1942 முதல் 1991 வரை பன்ஃபிலோவ்.

1946 நடுவில் கிளர்ச்சித் தரப்பும் சீன அரசும் சேர்ந்த கூட்டணி அரசு அமைந்தபின் 'கிழக்குத் துர்கிஸ்தான் குடியரசு' என்ற பெயர் வழக்கொழிகிறது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு 'மூன்று மாவட்டங்கள்', 'இலித் தரப்பு' என்று தேடுங்கள். மூன்று மாவட்டங்கள் என்றால் இலி, தர்பகதாய், அல்தாய். பெய்ஜிங் இன்றும் அதிகாரபூர்வமாகச் சொல்வது 'மூன்று மாவட்டப் புரட்சி'.

#3 கணவாய்

தில்லி பற்றி.

ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய அரசின் வெளியுறவு, அரசியல் துறைக் கோப்புகள் இருக்கின்றன. 1937க்குப் பிறகு அது வெளிவிவகாரத் துறை. காஷ்கர் தூதரகம் இந்திய அரசின் பராமரிப்பில் இருந்ததால் அதன் கடிதங்கள் தில்லிக்கும் லண்டனுக்கும் போயின. 'அபிலேக் படல்' இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே தேடலாம், நிறையக் கோப்புகள் ஒளிவருடப்பட்டிருக்கின்றன. தேடும்போது காஷ்கர், காஷ்கார், சீனத் துர்கிஸ்தான், சிங்கியாங் என்று எல்லா எழுத்துக்கூட்டலையும் போடுங்கள். தலைப்புகளை அட்டவணையாளர் கோப்பின் மேலட்டையில் இருந்தபடியே தட்டியிருப்பார். அச்சுப்பிழையும் கூடவே வந்திருக்கும்.

லண்டனில் உள்ள படி போதுமே, தில்லி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லண்டனுக்குப் போனது பெரும்பாலும் முடிந்த கடிதம். தில்லிக் கோப்பில் 'நோட்ஸ்' பகுதி இருக்கும்: கீழ்நிலை எழுத்தர் முதல் செயலர் வரை ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குறிப்புகள். காஷ்கர்காரர் சொன்னதை யார் நம்பவில்லை, எந்த வரியை லண்டனுக்கு அனுப்பாமல் அடித்தார்கள் என்பது அங்கேதான் தெரியும். சில கோப்புகளில் 'கே.டபிள்யூ.' என்று தனி இணைப்பு இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

நேரில் போனால் நடப்பது: ஆண்டு வாரியான அச்சு அட்டவணையைப் பார்த்துக் கோரிக்கைச் சீட்டு எழுதுவீர்கள். சில சீட்டு 'என்.டி.' என்று திரும்பும். அந்தக் கோப்பு துறையிலிருந்து காப்பகத்துக்கு மாற்றப்படவில்லை என்று பொருள். சில 'நொறுங்கும் நிலை' என்று திரும்பும். இரண்டுக்கும் மாற்று ஒன்றுதான்: அதே விவகாரம் வேறு கிளையின் கோப்பில் ஓடியிருக்கும். லே வழியாகப் போன வணிகம் என்றால் காஷ்மீர் ரெசிடென்சி கோப்பில் தேடுங்கள். கில்கித் வழித் தபால் என்றால் கில்கித் ஏஜென்சியில்.

லண்டன் பக்கம்: பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் 'எல்/பி அண்ட் எஸ்/12' வரிசை, 1931 முதல் 1950 வரையிலான வெளியுறவுக் கோப்புகள். காஷ்கர் நாட்குறிப்புகள் அதில் வருகின்றன. அதற்கு முந்தைய பத்தாண்டுகளுக்கு 'எல்/பி அண்ட் எஸ்/10'. கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில் வெளியுறவு அலுவலகத்தின் 'எஃப்.ஓ. 371'.

#4 வடகரை

நன்றி சார். ஆனால் காஷ்கருக்கும் குல்ஜாவுக்கும் நடுவில் தியான்ஷான் மலையே நிற்கிறது. 1944க்கு காஷ்கர் நாட்குறிப்பு உதவுமா?

#5 கணவாய்

குல்ஜாவுக்கு உதவாது. தெற்கில் என்ன எதிரொலி என்று பார்க்க உதவும். 1933 நவம்பர் 12 அன்று காஷ்கரில் அறிவிக்கப்பட்ட முதல் கிழக்குத் துர்கிஸ்தான் குடியரசுக்குத்தான் அது தங்கச் சுரங்கம். 1934 பிப்ரவரியில் துங்கான் படை நகருக்குள் புகுந்தபோது தூதரகம் அங்கேயே இருந்தது.

1944க்கு உரும்சியைப் பாருங்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் 1943இல் அங்கே தூதரகம் திறந்தன. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணங்களை ஆண்டுவாரியாக அச்சிட்டு இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 1944க்கு ஆறாம் தொகுதி, 1945க்கு ஏழாம் தொகுதி, இரண்டும் சீனா. பயணச் செலவு இல்லாமல் முதல் வாரத்தில் செய்யக்கூடிய வேலை இது. அச்சில் வந்தது தேர்ந்தெடுத்த பகுதிதான் என்பதை மறக்க வேண்டாம். முழுக்கோப்பு அமெரிக்க தேசியக் காப்பகத்தின் பதிவுத் தொகுதி 59இல், சீன உள்நாட்டு அரசியலுக்கான 893.00 என்ற பதின்ம எண்ணின் கீழ்.

ஒரு துணைச்செய்தி. இந்தியா விடுதலை பெற்றபின் காஷ்கரில் இந்தியத் தூதராக இருந்தவர் ஆர். டி. சாத்தே, பின்னாளில் வெளியுறவுச் செயலர். ஆட்சி கைமாறிய 1949–50ஐ இந்தியக் கண் வழியாகப் பார்க்க வேண்டுமானால் வெளிவிவகார அமைச்சகத்தின் அந்த ஆண்டுக் கோப்புகளைத் தேடலாம்.

#6 எல்லைக்கல்

எல்லாரும் பிரிட்டிஷ் கோப்பையே சுற்றுகிறீர்கள். 1944ஐத் தீர்ப்பது மாஸ்கோதான்.

ருஷ்யக் கூட்டாட்சியின் அரசுக் காப்பகத்தில் 'ஆர்-9401' என்ற ஃபோந்த் (ஆவணத் தொகுதி), இரண்டாம் ஓபிஸ் (அதன் பட்டியல்). உள்துறை மக்கள் ஆணையம் ஸ்டாலினுக்கும் மொலோதோவுக்கும் அனுப்பிய 'தனிக் கோப்புறை' அறிக்கைகள். குல்ஜாவில் எத்தனை பேர், எவ்வளவு ஆயுதம், எந்த அதிகாரி என்பதெல்லாம் உள்துறை ஆணையர் பெரியா கையெழுத்தில் இருக்கிறது. 1930களுக்கு சமூக அரசியல் வரலாற்றுக் காப்பகத்தில் ஃபோந்த் 17, ஓபிஸ் 162, சோவியத் கட்சியின் அரசியல் குழு எடுத்த இரகசிய முடிவுகள். இவற்றில் கணிசமான பகுதியை அமெரிக்க வில்சன் மையத்தின் இணையக் காப்பகம் ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்திருக்கிறது. சிஞ்சியாங்குக்குத் தனித் தொகுப்பே உண்டு. எனவே மாஸ்கோ போகாமலே சோவியத் தரப்பைப் படிக்கலாம்.

மேற்கோள் கொடுக்கும்போது நால்வரிசை மாறக் கூடாது: ஃபோந்த், ஓபிஸ், தேலோ (கோப்பு), லிஸ்த். லிஸ்த் என்றால் தாள், பக்கம் இல்லை. பின்பக்கத்துக்கு 'ஓபரோத்' என்று சேர்க்க வேண்டும். ஒரு தாளில் இரண்டு மூன்று எண்கள் அடித்து எழுதப்பட்டிருக்கும். காப்பகம் கடைசியாகப் போட்ட எண்தான் செல்லும், வழக்கமாக வலது மேல் மூலையில் பென்சிலில்.

வில்சன் மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ருஷ்யர்கள் சீனப் பெயரை எழுதும் முறையில் ஈற்றில் மென்மைக் குறி (ь) இருந்தால் 'ன்' ஒலி, இல்லாவிட்டால் 'ங்' ஒலி. மொழிபெயர்ப்பிலோ தட்டச்சிலோ அந்தக் குறி விழுந்தால் ஆளே மாறிவிடுவார். சந்தேகம் வந்தால் மூலத்தின் ஒளிவருடலைத் திறந்து பாருங்கள்.

#7 ஏட்டுச்சுவடி

எல்லைக்கல் சொன்ன கோப்பு எண்களில் குறை இல்லை. 'தீர்ப்பது மாஸ்கோதான்' என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

பெரியா ஸ்டாலினுக்கு எழுதும் அறிக்கை என்ன சொல்லும்? தன் துறை என்ன செய்தது என்று சொல்லும். ஆயுதம், பயிற்றுநர், பணம், உத்தரவு: இவற்றுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. துப்பாக்கியை வாங்கிக்கொண்டவர் எதற்காக வந்தார் என்பது அந்தக் கோப்பின் கவலையே இல்லை. 'முழுக்க சோவியத் கைவேலை' என்ற முடிவில் பாதி, அந்தக் கோப்பு மட்டும் திறந்ததால் வந்தது.

மறுபக்கம் பாருங்கள். 1942–43இல் ஷெங் மாஸ்கோவை விட்டு சியாங் கைஷேக்கின் நான்ஜிங் அரசின் பக்கம் (அது அப்போது சோங்சிங்கில் இருந்தது) சாய்ந்தார். சோவியத் வணிகம் நின்றது. கம்பளியும் தோலும் கால்நடையும் விற்க இடமில்லை. துணியும் தேயிலையும் சர்க்கரையும் விலை ஏறின. 1944இல் படைக்காக 10,000 குதிரைகள் கேட்டு மேய்ச்சல் மக்கள்மேல் சுமை விழுந்தது. கூடவே கைதுகள். இவ்வளவும் எல்லைக்கு இந்தப் பக்கத்து விவகாரம். ஆனால் ஷெங் 1944 செப்டம்பரிலேயே மாகாணத்தை விட்டுப் போய்விட்டார், அவர் இடத்துக்கு வூ ஜோங்சின் வந்தார். குல்ஜாவில் வெடித்தது நவம்பர் 7. எனவே 'ஷெங்கின் கொடுமைக்கு எதிரான எழுச்சி' என்று ஒற்றை வரியில் முடிப்பவர்களும் ஏன் அவர் போனபின் வெடித்தது என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

நவம்பர் 7 ருஷ்யப் புரட்சி நாள். குடியரசு அறிவிப்பு நவம்பர் 12, அதாவது 1933 காஷ்கர் குடியரசின் அதே நாள். ஒரே வாரத்தில் இரண்டு வேறு நினைவுகள். தலைவராக அறிவிக்கப்பட்ட எலிஹான் தோரே ஒரு மார்க்க அறிஞர். 1946இல் அவர் சோவியத் பக்கம் கொண்டுபோகப்பட்டு, தாஷ்கண்டில் 1976இல் இறந்தார். அவர் இடத்தில் முன்னுக்கு வந்த அஹ்மத்ஜான் காசிமி மாஸ்கோவில் படித்தவர். யார் நடத்தினார்கள் என்ற கேள்விக்கு 1944 நவம்பரின் விடையும் 1946 ஜூலையின் விடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே வடகரை, மூன்றாவது கேள்வியை மூன்றாக உடையுங்கள். ஆயுதம் யார் கொடுத்தது? முடிவு யார் எடுத்தது? ஆள் ஏன் சேர்ந்தது? முதல் இரண்டுக்கு மாஸ்கோ. மூன்றாவதுக்கு வரிக் கணக்கு, சந்தை விலை, உள்ளூர் மனுக்கள், செய்தித்தாள். 1945 ஆகஸ்ட் 14 சீன சோவியத் ஒப்பந்தத்தின் கடிதப் பரிமாற்றத்தில், சிஞ்சியாங்கின் உள்விவகாரத்தில் தலையிட எண்ணமில்லை என்று மாஸ்கோ எழுதிக் கொடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் உங்கள் அட்டவணையில் ஆயுத வரத்து எப்படி மாறுகிறது என்று பார்த்தால், இரண்டாம் கேள்விக்குக் காகிதத்தில் பதில் கிடைக்கும்.

#8 எல்லைக்கல்

மூன்றாக உடைப்பது சரி. ஆனால் சந்தை விலையும் மனுவும் எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் விட்டீர்கள். உரும்சிக் காப்பகம் வெளிநாட்டு ஆய்வாளருக்குத் திறக்காது. அல்மாத்தியில் இருப்பதும் சோவியத் அதிகாரி எழுதியதுதான்.

#9 பருத்திப்பாதை

சீனத் தரப்புக்கு தைபே இருக்கிறதே. சியாங் கைஷேக்கின் குவோமின்டாங் அரசு எடுத்துக்கொண்டு போன கோப்புகள் அங்கேதான். தேசிய வரலாற்று நிறுவனமான குவோஷிகுவானில் சியாங் கைஷேக்கின் தாள்கள், சினிகா கழகத்தின் நவீன வரலாற்று நிறுவனத்தில் வெளியுறவுத் துறைக் கோப்புகள். இரண்டிலும் பட்டியலை இணையத்தில் தேடலாம். சீனம் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள், தனியாக வேண்டாம். காரணம் வெறும் மொழி இல்லை, நாள்குறிப்பு.

குடியரசு ஆண்டோடு 1911 கூட்டினால் நம் ஆண்டு. 33 என்றால் 1944. இது எளிது. தந்தியில்தான் சிக்கல். சொல்லுக்குக் காசு என்பதால் மாதத்துக்குப் பன்னிரு கிளை எழுத்தில் ஒன்று, நாளுக்கு எதுகை வரிசையில் ஒரு எழுத்து என்று இரண்டே எழுத்தில் தேதியை முடித்துவிடுவார்கள். 'மா' என்றால் 21, 'யான்' என்றால் 29. 1938 டிசம்பர் 29இல் குவோமின்டாங் தலைவர்களில் ஒருவரான வாங் ஜிங்வெய் அனுப்பிய தந்தியை 'யான் தந்தி' என்றே அழைப்பது இதனால்தான். இயந்திர மொழிபெயர்ப்பு 'மா'வைக் குதிரை ஆக்கிவிடும். தேதி போய்விடும், கடிதத்தில் இல்லாத குதிரை ஒன்று வந்து நிற்கும். சிஞ்சியாங் கோப்பில் குதிரை வேறு நிஜமாகவே அடிக்கடி வரும் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

அடுத்து 'வென்ஷி ஸில்யாவ்' தொகுதிகள். 1959இல் சீனப் பிரதமர் சூ என்லாய் யோசனையில் தொடங்கிய நினைவுக் குறிப்பு வரிசை. மாகாணம், மாவட்டம் என்று ஊர் ஊராக வந்திருக்கிறது. குல்ஜா நகரின் தெருப்பெயர், கடைக்காரர், யார் எந்தப் பாலத்தில் காவல் நின்றார் போன்ற விவரம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் எழுதியவர்கள் பல பத்தாண்டு கழித்து, தங்கள் கடந்த காலத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் எழுதினார்கள். இடம், ஆள், பொருள் விவரத்துக்கு நம்பலாம். நோக்கம் பற்றிய வரிகளை ஒதுக்குங்கள். தேதியை வேறு சான்று இல்லாமல் எடுக்கவே கூடாது.

#10 ஏட்டுச்சுவடி

எல்லைக்கல்லின் கேள்விக்கு: அல்மாத்தியில் அதிகாரி எழுதியது மட்டும் இல்லை. மத்திய அரசுக் காப்பகம் ஒன்று, பழைய கட்சிக் காப்பகத்தை ஏற்றுக்கொண்ட குடியரசுத் தலைவர் காப்பகம் ஒன்று, இரண்டும் அதே நகரில். சார் காலத்துக்குப் போக விரும்பினால் மத்தியக் காப்பகத்தில் 'ஐ-44', செமிரேச்சியே மாகாண நிர்வாகத்தின் ஃபோந்த். 1871 முதல் 1881 வரை இலிப் பள்ளத்தாக்கு ருஷ்யர் கையில் இருந்ததையும், அதைத் திருப்பிக் கொடுத்தபோது தரஞ்சிகளும் துங்கான்களும் எல்லை தாண்டிக் குடியேறியதையும் அங்கே மனு மனுவாகப் பார்க்கலாம். 1944இல் எல்லையின் இருபுறமும் உறவினர் எப்படி வந்தார்கள் என்பதற்கு வேர் அங்கே.

அந்தக் காலத் தேதிகள் பழைய நாள்காட்டியில் இருக்கும். 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாள், 20ஆம் நூற்றாண்டுக்கு 13 நாள் கூட்டுங்கள். இலியைத் திருப்பிக் கொடுத்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஒப்பந்தம் 1881 பிப்ரவரி 12 என்றும் 24 என்றும் இரண்டு விதமாக நூல்களில் வருவது இதனால். 1916இல் உள்ளூர் மக்களைப் போர்முனைப் பின்புல வேலைக்குத் திரட்டும் சாரின் ஆணை ஜூன் 25, புதிய கணக்கில் ஜூலை 8. 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. காஷ்கர் பிரிட்டிஷ் நாட்குறிப்போ எப்போதும் புதிய கணக்கு. 1916இல் கிர்கிஸ் அகதிகள் மலை கடந்து சீனப் பக்கம் வந்ததை இரு தரப்பிலிருந்தும் ஒப்பிட்டால், 13 நாள் பிசகு ஒரு முழுப் படுகொலையையே முன்பின்னாக மாற்றிவிடும்.

ஃபோந்த் கேட்கும் முன் ஓபிஸை, அதாவது அதன் பட்டியலை, முழுக்கப் படியுங்கள். தேலோவின் தலைப்பு பெரும்பாலும் பயனற்றது: 'பல்வேறு கடிதங்கள்' என்றிருக்கும். தாள் எண்ணிக்கையும் ஆண்டு எல்லையும்தான் துப்பு. கோப்பு கைக்கு வந்ததும் உள்ளே 'பயன்படுத்தியோர் தாள்' இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் யார், எந்த ஆண்டு, எதற்காக எடுத்தார் என்று இருக்கும். தாள் வெறுமையாக இருந்தால் அந்தக் கோப்பில் நின்று நிதானமாகப் படியுங்கள்.

#11 உழவாரம்

விலைக் கணக்கு எடுப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. சிஞ்சியாங் நாணயம் பொதுச் சீன நாணயத்திலிருந்து தனியாக ஓடியது, மூன்று மாவட்டங்கள் தம் சொந்தத் தாளும் அடித்தன. 1949இல் சிஞ்சியாங் மாகாண வங்கி 600 கோடி யுவான் மதிப்பில் ஒற்றைத் தாள் வெளியிடும் அளவுக்குப் பணவீக்கம். மாதம் போடாத விலையைக் குப்பையில் போடுங்கள். முடிந்தவரை பணத்தை விட்டுப் பண்டத்தில் கணக்கிடுங்கள்: ஒரு செம்மறிக்கு எவ்வளவு துணி, எத்தனை கட்டி தேயிலை. எடை ருஷ்யக் கோப்பில் பூத், அது 16.38 கிலோ. நிலம் தெசியத்தினா, 1.09 ஹெக்டேர். தூரம் வெர்ஸ்த், 1.067 கி.மீ.

#12 வடகரை

வரைபடம் எதை வைத்துக்கொள்வது? கூகுள் வரைபடத்தில் பாதி ஊர் இல்லை, இருப்பதும் சீனப் பெயரில்.

#13 கணவாய்

சோவியத் படைத்தலைமையகத்தின் பழைய வரைபடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1:2,00,000 அளவு போதும், கணவாய் விவரம் வேண்டுமானால் 1:1,00,000. இணையத்தில் ஒளிவருடல்கள் சுற்றுகின்றன. தாள் எண் கண்டுபிடிக்கும் முறை: நிலநடுக்கோட்டிலிருந்து 4 பாகைக்கு ஓர் எழுத்து, 180 பாகை மேற்கிலிருந்து 6 பாகைக்கு ஓர் எண். குல்ஜா 'கே-44' தாளின் வடக்கு விளிம்பை ஒட்டி வருகிறது, ஹோர்கோஸும் ஜார்கெண்டும் 44 பாகைக்கு மேலே 'எல்-44'. அதனால் இரண்டு தாளும் ஒட்டினால்தான் எல்லைச் சாலை முழுதாகத் தெரியும். காஷ்கர் 'ஜே-43'.

வரைபடத்தில் உள்ள பெயர் ருஷ்ய எழுத்தில் இருப்பதால் உய்குர், கசக் உச்சரிப்புக்கு ஓரளவு நெருக்கம். சீனப் பெயருக்கு மட்டும் எல்லைக்கல் சொன்ன மென்மைக் குறி கணக்கு. ஆனால் இவை பெரும்பாலும் 1950களுக்குப் பிந்தைய அளவை. 1944இல் இல்லாத சாலையும் அணையும் வரையப்பட்டிருக்கும். தாளின் ஓரத்தில் எந்த ஆண்டு நிலவரம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்தபின் பயன்படுத்துங்கள்.

#14 சுழல்காற்று

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? 1949 ஆகஸ்டில் மூன்று மாவட்டத் தலைவர்கள் போன விமானத்தை வீழ்த்தி முடித்துவிட்டார்கள். அதை எழுதினால் கட்டுரை முடிந்தது.

#15 பருத்திப்பாதை

சுழல்காற்று அவர்களே, உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அஹ்மத்ஜான் காசிமி, அப்துல்கரீம் அப்பாசோவ், இஸ்ஹாக்பெக் முனோனோவ், தெலில்கான் சுகுர்பயேவ், லுவோ ஷி ஆகியோர் பெய்ஜிங் அரசியல் ஆலோசனை மாநாட்டுக்குச் சோவியத் நிலம் வழியாக விமானத்தில் போனார்கள். பைகால் ஏரிப் பக்கம் விமானம் விழுந்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. பொதுமக்களுக்கு அந்தச் செய்தி மாதக்கணக்கில் கழித்து, ஆட்சி மாறிய பிறகே வந்தது. 'வீழ்த்தினார்கள்' என்பது பிற்காலக் கூற்று. எழுதலாம், தடையில்லை. யார், எந்த ஆண்டு, எதை வைத்துச் சொன்னார் என்று அட்டவணையில் தனி வரியாகப் போட்டு எழுதுங்கள். செய்தியை மறைத்த காலத்துக்குள் குல்ஜாவில் யார் என்ன அறிந்திருந்தார்கள் என்பதுதான், என் கணக்கில், ஆவணத்தால் எட்டக்கூடிய நல்ல கேள்வி.

#16 ஏட்டுச்சுவடி

வாய்மொழி வரலாறு பற்றி யாரும் சொல்லவில்லை. 1962 வசந்தத்தில் இலி, தர்பகதாய்ப் பகுதியிலிருந்து 60,000க்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டிக் கசக்ஸ்தானுக்கு வந்தார்கள். அந்தக் குடும்பங்கள் அல்மாத்தி, ஜார்கெண்ட் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. 1940களை நேரில் கண்டவர் இனி மிகச் சிலர். பிள்ளைகள் சொல்வதுதான் கிடைக்கும், அது 1962இன் கசப்பு ஏறிய 1944ஆக இருக்கும். கதையைவிடக் காகிதம் கேளுங்கள்: சோவியத் கடவுச்சீட்டு, சோவியத் தூதரகம் கொடுத்த குடிமைச் சான்று, மூன்று மாவட்டப் படையின் பதக்கச் சான்றிதழ், புகைப்படத்தின் பின்பக்கம்.

பின்பக்க எழுத்தைப் படிக்க எழுத்து வரலாறு தெரிய வேண்டும். சோவியத் உய்குர்கள் 1930 வாக்கில் லத்தீனுக்கும் 1940களின் பின்பாதியில் சிரிலிக்குக்கும் மாறினார்கள். குல்ஜாவில் அப்போது அரபு எழுத்துதான், செய்தித்தாளும் அதில்தான். சீனப் பக்கம் 1960களில் வந்த லத்தீன் 1982இல் கைவிடப்பட்டு அரபு திரும்பியது. எழுத்தைப் பார்த்தே குறிப்பு எழுதப்பட்ட பத்தாண்டைக் குறுக்கலாம்.

கண்டிப்பான விஷயம் ஒன்று. 2017க்குப் பிறகு சிஞ்சியாங்கில் வெளிநாட்டு உறவே தடுப்பு முகாமுக்குக் காரணமானது. கசக்ஸ்தானில் பேசுபவருக்குச் சிஞ்சியாங்கில் உறவினர் இருப்பார். பெயர், ஊர், உறவுமுறை மூன்றையும் ஒரே கோப்பில் எழுதாதீர்கள். பெயருக்கு எண் கொடுத்து, எண் பட்டியலைத் தனியாகக் குறியாக்கம் செய்து வையுங்கள். வீசாட் வழியாக எதையும் அனுப்பவோ கேட்கவோ வேண்டாம். சிஞ்சியாங்கிலேயே போய்ப் பேட்டி எடுக்கலாமா என்று யாரும் யோசிக்க வேண்டாம், ஆபத்து உங்களுக்கு இல்லை, பேசுபவருக்கு.

#17 வடகரை

அப்படியானால் இந்த வரிசையில் போகிறேன்: அமெரிக்க அச்சுத் தொகுதிகள், பிறகு வில்சன் தொகுப்பு, இரண்டையும் அட்டவணையில் ஏற்றிவிட்டு அபிலேக் படல், கடைசியில் அல்மாத்தி. அல்மாத்திக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

#18 கணவாய்

வரிசை சரி. வில்சனை முடித்ததும் தைபே பட்டியலையும் ஒருமுறை தேடச் சொல்லுங்கள், சீனம் தெரிந்தவர் கிடைத்தால்.

அல்மாத்திக்கு: உங்கள் பல்கலைக்கழகத் தாளில், முத்திரையோடு, ருஷ்ய மொழியில் அறிமுகக் கடிதம். அதில் ஆய்வுத் தலைப்பும் ஆண்டு எல்லையும் துல்லியமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தலைப்புக்கு வெளியே உள்ள கோப்பைக் கேட்டால் மறுக்க அதையே காரணம் காட்டுவார்கள். எனவே '1944–49 எழுச்சி' என்று குறுக்காமல் 'இலிப் பள்ளத்தாக்கின் சமூகப் பொருளாதார வரலாறு, 1871–1962' என்று அகலமாகப் போடுங்கள். இரண்டு காப்பகத்துக்கும் தனித்தனிக் கடிதம், இயக்குநர் பெயருக்கு. கடவுச்சீட்டு நகல்கள். ஒரு நாளுக்குத் தரும் கோப்புக்கு வரம்பு உண்டு, கேட்டது அன்றே வராது, ஆகவே போய்ச் சேர்ந்த முதல் நாளே ஓபிஸ் பார்த்து அடுத்த நாளுக்கான சீட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள். படமெடுக்க அனுமதியும் கட்டணமும் காப்பகத்துக்குக் காப்பகம் மாறும், முன்கூட்டி மின்னஞ்சலில் கேட்டு அந்தப் பதிலை அச்சிட்டு எடுத்துப் போங்கள்.

#19 எல்லைக்கல்

மே மாதத்தைத் தவிர்க்கவும். விடுமுறைகள் வரிசையாக வரும், வாசிப்பறை பாதி நாள் பூட்டியிருக்கும்.